கன்னடத்துக்கு அகராதி தந்த கிட்டல்

கூட்ஸ் ஷெட் ஒன்றில் மூட்டை தூக்கும் வேலைக்குத் தர்மபுரிப் பக்கத்திலிருந்து புதிதாக ஒருவர் வந்தார். லாரியில் மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. கணக்கு நிறைந்ததும், எண்ணிக்கொண்டு நின்ற மேஸ்திரி "சாகு, சாகு" என்று கையை ஆட்டினார். புதியவர் காதில் அது "சாக்கு" என்று விழுந்தது. இன்னும் ஒரு சாக்கு வேண்டும் போலிருக்கிறது என்று ஓடிப்போய்த் தூக்கி வந்தார். மறுபடியும் மேஸ்திரி கத்தினார். மறுபடியும் இவர் ஓடினார். கடைசியில் கணக்கு குழம்பி, அத்தனை மூட்டைகளையும் இறக்கி, திரும்ப எண்ண வேண்டியதாயிற்று. அன்றைய கூலியில் பாதி பிடித்தம்.

கன்னடத்தில் சாகு என்றால் போதும் என்று அர்த்தம். மாலையில் நான் இதை எடுத்துச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அரைநாள் கூலி கொடுத்து ஒரு சொல் வாங்கியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பொம்மனஹள்ளியில் தையல் தொழிற்சாலை, கட்டட வேலை, குடோன், ஆபீஸ் என்று எங்கே வேலை பார்த்தாலும், நம்மவர் ஒவ்வொருவரிடமும் இப்படிக் காசு கொடுத்து வாங்கிய சொல் ஒன்றாவது இருக்கும். தெரியாத சொல் படித்தவனுக்கு ஒரு வேடிக்கை. உழைப்பவனுக்கு அது கூலி. சில சமயம் மானம்.

அந்தத் தொழிலாளி அன்று போன பிறகு என் நினைவுக்கு வந்தவர், ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன் இதே கன்னட மண்ணில் ஒரு சொல்லும் தெரியாமல் வந்து இறங்கிய ஒரு ஜெர்மானியர். பெயர் ஃபெர்டினாண்ட் கிட்டல். ஒரு வார்த்தையும் தெரியாமல் வந்தவர், ஏறக்குறைய 70 ஆயிரம் கன்னடச் சொற்களுக்கு அகராதி எழுதிவிட்டுப் போனார்.

பாதிரியார் மகன்

கிட்டல் 1832-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி, வட ஜெர்மனியில் கிழக்கு ஃப்ரீசியா என்ற பகுதியைச் சேர்ந்த ரெஸ்டர்ஹாஃபெ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஒரு பாதிரியார். பிள்ளைக்குச் சிறு வயதிலிருந்தே மொழிகளில் நாட்டம். லத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகியவற்றைப் படித்தார். பிறகு சுவிட்சர்லாந்தில் உள்ள பாசல் நகருக்குச் சென்று, அங்கிருந்த மிஷனில் பயிற்சி பெற்றார்.

பாசல் மிஷன் என்றால் நம்மில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் மங்களூர் ஓடு தெரியாத தமிழர் இருக்க முடியாது. 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை வைத்தவர்கள் இந்த மிஷன்காரர்கள்தான். நெசவுச் சாலையும் அச்சுக்கூடமும் வைத்திருந்தார்கள். கன்னடத்தின் முதல் பத்திரிகையாகிய மங்களூரு சமாசாரத்தை 1843-இல் நடத்தியவரும் இந்த மிஷனைச் சேர்ந்த ஹெர்மன் மோக்ளிங் என்பவரே.

1853-ஆம் ஆண்டு கிட்டல் இந்தியா வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 21. அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில்தான் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே இந்த நாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. தென்னாட்டில் அப்போது தண்டவாளமே கிடையாது. பெங்களூரை ஜோலார்பேட்டையோடு இணைத்த பாதை 1864-இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே தார்வார், ஹூப்ளி, மங்களூர், குடகு நாட்டு மடிக்கேரி என்று அவர் பணி செய்த ஊர்களையெல்லாம் பழைய மண் சாலைகள் வழியாகவே அடைய வேண்டியிருந்தது. அந்த மெதுவான பயணத்தில் ஒரு லாபமும் இருந்தது. ரயிலில் போகிறவன் ஸ்டேஷனில் மட்டும் மனிதர்களைப் பார்க்கிறான். சாலையில் போகிறவன் வழிநெடுகப் பார்க்கிறான், வழிநெடுகக் கேட்கிறான்.

மக்களோடு மக்களாக

கிட்டல் அனுப்பப்பட்டது மதப் பிரசாரத்துக்கு. அந்த எண்ணத்தை அவர் கடைசி வரை விடவும் இல்லை. ஆனால் வந்த இடத்து மக்களைப் போல வாழாமல் அவர்களோடு பேசுவதில் பயன் இல்லை என்று அவர் கருதினார். கன்னடரிடையே கன்னடராக இருக்க விரும்பினார். வெள்ளைக்கார பங்களாவும் வேலைக்காரர் கூட்டமும் அவருக்கு ஒத்துவரவில்லை.

மிஷனில் இருந்த மற்றவர்களுக்கு இது பிடிக்கவில்லை. முக்கியமான காரியங்களில் அவரைச் சேர்க்காமல் ஓரங்கட்டினார்கள். ஒதுக்குப்புறமான ஊருக்கு அனுப்பினார்கள். மேலிடத்துக்குப் பிடிக்காதவர்களைக் கிளை ஆபீசுக்கு மாற்றும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல என்பதை குமாஸ்தாக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வீட்டிலும் துயரம் நேர்ந்தது. 1860-இல் மணந்த பாலின் என்னும் அம்மையார் நான்கே ஆண்டுகளில் இறந்துபோனார். பின்னர் பாலினின் சகோதரி ஜூலியை அவர் மணந்துகொண்டார்.

இந்தத் துன்பங்களுக்கு நடுவேயும் அவர் கன்னடத்தை விடவில்லை. 1862-இல் ஏசுவின் வரலாற்றைக் கன்னடச் செய்யுள் நடையில் கதாமாலெ என்ற பெயரில் எழுதினார். பழைய ஏடுகளைத் தேடிப் படித்தார். 13-ஆம் நூற்றாண்டில் கேசிராஜர் செய்த சப்தமணிதர்ப்பணம் என்ற கன்னட இலக்கணத்தை 1872-இலும், நாகவர்மரின் சந்தோம்புதி என்ற யாப்பு நூலை 1875-இலும் பதிப்பித்தார். ஒதுக்கி வைக்கப்பட்ட மனிதர், கன்னடரே மறந்துகொண்டிருந்த நூல்களை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார்.

அகராதி வேலை

அந்தக் காலத்தில் தென்னாட்டு மொழிகளுக்கெல்லாம் பெரிய அகராதிகள் வந்துகொண்டிருந்தன. தெலுங்குக்குப் பிரவுன் துரையின் அகராதி 1852-இல் வந்தது. தமிழுக்கு வின்ஸ்லோவின் அகராதி 1862-இல் வெளியாயிற்று. மலையாளத்துக்குப் பாசல் மிஷனைச் சேர்ந்த குண்டர்ட் 1872-இல் அகராதி தந்தார். கன்னடத்துக்கு ரீவ் என்பவர் செய்த அகராதி ஒன்று இருந்தது. அதைத் திருத்திப் பெரிதாக்கி 1858-இல் பெங்களூரிலேயே அச்சிட்டிருந்தார்கள். ஆனால் அது போதவில்லை. புலவர்களின் சொல்லும் உழவர்களின் சொல்லும் ஒருசேர அடங்கிய ஒரு நூல் தேவைப்பட்டது. 1870-களில் அந்தப் பொறுப்பு கிட்டலிடம் வந்தது.

அகராதி எழுதுவது எப்படிப்பட்ட வேலை என்பதை, லெட்ஜர் எழுதிப் பழகிய நம்மவர் எளிதில் ஊகிக்கலாம். ஒரு சொல் காதில் விழுகிறது. அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் சொன்ன பொருளை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ஏட்டில் இருக்கிறதா என்று தேட வேண்டும். அகர வரிசையில் அதற்குரிய இடத்தில் சேர்க்க வேண்டும். அப்புறம் அடுத்த சொல். இப்படி 70 ஆயிரம் தடவை. கம்ப்யூட்டர் இல்லை, டைப்ரைட்டர் இல்லை, எல்லாம் கையெழுத்து. கன்னடப் பண்டிதர்கள் அவருக்குத் துணை நின்றார்கள்.

1877-இல் கிட்டல் ஜெர்மனி திரும்பினார். வயது 45 ஆகியிருந்தது. அங்கேயே தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அகராதி முடியவில்லை. 1883-இல் மனைவி மக்களை அங்கேயே விட்டுவிட்டு, தனியாக மறுபடியும் கன்னட நாட்டுக்குக் கப்பலேறினார். 1892 வரை இங்கே இருந்தார்.

குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்து வேலை பார்ப்பது என்றால் என்ன என்பது பொம்மனஹள்ளியில் ஒற்றை அறையில் நாலைந்து பேராக இருப்பவர்களுக்குத் தெரியும். நமக்காவது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பஸ் உண்டு. அவருக்கு நடுவே கடல் இருந்தது.

முடிவில் 1894-ஆம் ஆண்டு மங்களூர் பாசல் மிஷன் அச்சகத்திலிருந்து கன்னட-ஆங்கில அகராதி வெளிவந்தது. 1,700-க்கும் மேற்பட்ட பக்கங்கள். அவருக்கு அப்போது 62 வயது.

மற்ற அகராதிகளுக்கு இல்லாத சிறப்பு

இந்த அகராதியின் பெருமை அதன் பருமனில் மட்டும் இல்லை. பம்பன் போன்ற பழங்கவிகளின் சொல் இருக்கும் அதே பக்கத்தில், உழவனும் குயவனும் தறிக்காரரும் சமையற்கட்டுப் பெண்களும் வழங்கும் சொற்களும் இருக்கின்றன. ஏராளமான பழமொழிகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஒரு சொல் மைசூர்ச் சீமையில் வழங்குவதா, அல்லது தென் மராட்டிய சீமை என்று அன்று சொல்லப்பட்ட தார்வார்ப் பக்கத்தில் வழங்குவதா என்று பல சொற்களுக்கு அடையாளம் போட்டிருக்கிறார். கச்சேரியில் வழங்கிய உருதுச் சொற்களையும் மராத்திச் சொற்களையும் தள்ளிவிடாமல், அவை வந்த மொழியைக் குறித்துச் சேர்த்திருக்கிறார். இது உயர்ந்த சொல், இது தாழ்ந்த சொல் என்று அவர் ஒதுக்கவில்லை.

நமக்கு இன்னும் முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. கன்னடச் சொல்லுக்கு உறவான சொல் தமிழிலோ, தெலுங்கிலோ, மலையாளத்திலோ, துளுவிலோ இருந்தால் அதையும் பக்கத்திலேயே எழுதிவைத்தார். தெற்கத்தி மொழிகள் ஒரே குடும்பம் என்று கால்டுவெல் 1856-இல் நூல் எழுதி நிலைநாட்டியிருந்தார். அந்த உறவைச் சொல்லுக்குச் சொல் கன்னடத்தில் கணக்கெடுத்துக் காட்டியவர் கிட்டல். சமஸ்கிருத அகராதிகளில் திராவிடச் சொற்கள் கலந்திருப்பதைப் பற்றி 1872-லேயே கட்டுரையும் எழுதினார்.

நம் ஊரில் அந்த உறவு

இந்த வழியில் பார்த்தால், நாம் தினம் தினம் கேட்கும் சொற்கள் எப்படி மாறித் தெரிகின்றன என்பதைக் கவனியுங்கள்.

பழைய கன்னடத்தில் சொல்லின் முதலில் இருந்த ப என்ற எழுத்து காலப்போக்கில் ஹ என்று ஆகிவிட்டது. பால் ஹாலு ஆயிற்று. பத்து ஹத்து ஆயிற்று. பூ ஹூ ஆயிற்று. புலி ஹுலி ஆயிற்று. பள்ளி என்ற ஊர்ப்பெயர் ஹள்ளி ஆயிற்று. திருச்சிராப்பள்ளிக்காரர் பொம்மனஹள்ளியில் குடியிருந்தால், அவர் ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு வந்திருக்கிறார் என்றுதான் கணக்கு.

அதேபோல் நாம் ச என்பதை அவர்கள் சில இடங்களில் க என்பார்கள். செவி அவர்களுக்குக் கிவி. சேரி அவர்களுக்குக் கேரி. சிவப்பு அவர்களுக்குக் கெம்பு. நம் ஊர் நகைக்கடையில் கெம்புக்கல் என்கிறோமே, அந்தக் கெம்புதான். செய் என்பதற்குப் பழைய கன்னடத்தில் கெய் என்று பெயர். நன்செய், புன்செய் என்பதில் வரும் செய், வயலைக் குறிக்கும். அங்கும் கெய் என்றால் வேலை செய்வதும் உண்டு, வயலும் உண்டு. உழைப்புக்கும் வயலுக்கும் ஒரே சொல்லை வைத்திருந்த இரண்டு ஜனங்கள் நாம்.

ஏரை நாம் நாஞ்சில் என்போம். அவர்கள் நேகிலு என்பார்கள். சோற்றுக்கு உலை வைக்கிறோம். அடுப்பே அவர்களுக்கு ஒலெ.

பொம்மனஹள்ளியின் தையல் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம் பெண்கள் ஹொலிகெ என்ற சொல்லை நாளெல்லாம் கேட்கிறார்கள். தையல் என்று அர்த்தம். இது முற்றிலும் அந்நியமான சொல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் தமிழ்ப் பேரகராதியில் பொல்லம் என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்கும் தைத்தல் என்றே பொருள். ப போய் ஹ வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். நாம் கைவிட்டு அகராதிக்குள் பூட்டி வைத்த சொல்லை, கன்னடத் தொழிலாளி இன்றும் மெஷின் முன்னால் உட்கார்ந்து வழங்கிக்கொண்டிருக்கிறார். ஹொலிகெயை ஹோளிகெ என்று நீட்டிவிடாதீர்கள். அது போளி!

இனி நம் மூட்டைத் தொழிலாளியின் சொல்லுக்கு வருவோம். சாலப் பெரிது, சாலச் சிறந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம் அல்லவா? மிகுதி, நிறைவு என்று பொருள்படும் அந்தச் சால் என்ற வேரிலிருந்து வந்ததே கன்னடத்தின் சாகு. தெலுங்கர் சாலு என்பதும் அதுவே. அரைநாள் கூலி கொடுத்து அவர் வாங்கிய சொல், உண்மையில் அவர் வீட்டுச் சொல்தான். வேறு சட்டை போட்டு வந்ததால் அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

இது வெறும் சொல் ஆராய்ச்சி என்று நினைக்க வேண்டாம். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரியின் பேரால் இந்த நகரத்தில் நடந்தவற்றை நம்மில் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாயைத் திறந்தால் எந்த மொழி என்று தெரிந்துவிடுமே என்று பேசாமல் நடந்த நாட்கள் அவை. ஆற்றுத் தண்ணீர்த் தகராறை அகராதி தீர்த்துவைக்காது. ஆனால் எதிரே நிற்பவன் பேசுவது நம் பாட்டி வீட்டுப் பேச்சின் இன்னொரு கிளை என்று தெரிந்துவிட்டால், ஓங்கிய கை கொஞ்சமாவது தயங்கும் என்று நான் நம்புகிறேன். கன்னடரும் தமிழரும் இருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய இந்த விஷயத்தை, எழுத்தில் போட்டு வைத்தவர் இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு வெளிநாட்டார்.

இறுதிக் காலம்

அகராதி வெளிவந்த பிறகு, 1896-இல் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகம் கிட்டலுக்கு டாக்டர் பட்டம் அளித்துக் கௌரவித்தது. அதோடு அவர் ஓய்ந்து உட்காரவில்லை. கன்னட மொழிக்கு விரிவான இலக்கணம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதினார். அது 1903-இல் மங்களூரில் அச்சாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் மாதம் டூபிங்கன் நகரில் அவர் காலமானார். அவருக்கு வயது 71.

எத்தனை பேரைத் தம் மதத்துக்கு மாற்றினார் என்று இன்று யாரும் கணக்குக் கேட்பதில்லை. எந்த வேலைக்காக அனுப்பப்பட்டாரோ அதைவிட, நடுவில் விரும்பி எடுத்துக்கொண்ட வேலைதான் அவர் பெயரை நிறுத்தியிருக்கிறது. தார்வாரில் அவர் பெயரால் கல்லூரி உண்டு. பெங்களூர் மகாத்மா காந்தி சாலையில் மேயோ ஹால் பக்கம் அவருக்குச் சிலை உண்டு.

தமிழர்கள் பெருமைப்பட இன்னொன்றும் இருக்கிறது. கிட்டலின் அகராதியைத் திருத்தி விரிவாக்கி நான்கு தொகுதிகளாக 1968 முதல் 1971 வரை வெளியிட்டது நம் சென்னைப் பல்கலைக்கழகம். அந்தப் பணியைச் செய்தவர் அங்கே கன்னடப் பேராசிரியராக இருந்த மரியப்ப பட். கன்னடத்தின் பேரகராதி ஒன்று தமிழ்நாட்டின் தலைநகரில் புதுப்பிக்கப்பட்டது. பர்ரோ, எமனோ ஆகிய இரு அறிஞர்கள் 1961-இல் திராவிட மொழிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு வேர்ச்சொல் அகராதி செய்தபோது, கன்னடப் பகுதிக்குக் கிட்டலின் அகராதியே கைகொடுத்தது.

நாம் செய்யக்கூடியது

70 ஆயிரம் சொல் நமக்கு வேண்டாம். நாம் பார்க்கும் வேலைக்கு நூறு சொல் போதும். ஒரு சிறு நோட்டில் நாளைக்கு இரண்டு சொல்லாகக் குறித்துவந்தால் இரண்டே மாதத்தில் நூறைத் தாண்டிவிடலாம். பக்கத்து மெஷினில் இருப்பவரைக் கேட்டால் சந்தோஷமாகச் சொல்லித் தருவார். நாம் அவர் மொழியைக் கேட்டால், அவர் நம் மொழியைக் கேட்பார். எங்கள் ஆபீசில் இப்படித்தான் நான் கற்றேன். எனக்குச் சொல்லித் தந்த கன்னட நண்பர் இப்போது சம்பள நாளன்று கணக்கை என்னோடு தமிழில்தான் பேசுகிறார்.

அந்தத் தர்மபுரிக்காரரைப் போன வாரம் பார்த்தேன். அதே கூட்ஸ் ஷெட்டில் இன்னும் வேலை பார்க்கிறார். ஊரிலிருந்து புதிதாக வந்த இரண்டு பையன்களைக் கூட வைத்திருந்தார். லாரி நிறைந்ததும் மேஸ்திரி வாயைத் திறப்பதற்கு முன்னால் இவரே அந்தப் பையன்களைப் பார்த்துச் சாகு என்றார். அவர்கள் விழித்தார்கள். போதும்டா, நம்ம சொல்தான் என்றார்.